மடிக்கக் கூடாத பாசி

ஷின்தொக்குக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் பெயர் கிடைத்தது. அதற்கு முன் அவள் முன்சொன்காரி. கல்யாணமாகிப் போன பெண்ணைப் பிறந்த ஊரை வைத்துத்தான் எங்கள் பக்கத்தில் கூப்பிடுவார்கள். அவள் பிறந்தது முன்சொன், வாழ்க்கைப்பட்டது சேதொ. சேதொ என்றால் புதூர். மாவட்டத்துக்கு நாலைந்து சேதொ இருக்கும்.

ஞானஸ்நானத்துக்குப் பெயர் வேண்டும் என்று போதகர் கேட்டபோது, "முன்சொன்காரின்னே வெச்சுக்குங்களேன், புதுசா ஒண்ணு எதுக்கு?" என்றாள். போதகர் சிரித்துவிட்டு ஷின்தொக் என்று வைத்தார். மறந்துவிடக் கூடாதே என்று வீடு போய்ச் சேரும்வரை அதை முணுமுணுத்துக்கொண்டே போனாள். வழியில் யாரோ குசலம் விசாரித்ததற்குக்கூட வாய் திறக்கவில்லையாம். திறந்தால் பெயர் போய்விடும் என்று பயம்.

எங்கள் சபையில் காசில்லாதவர்கள் தங்கள் நாட்களைக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். அறுப்பு முடிந்து, கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகளை மண்ணில் புதைத்துவிட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொருவராக எழுந்து நின்று, இந்தக் குளிர்காலத்தில் இத்தனை நாள் என்று சொல்வார்கள். அந்த நாட்களில் சொந்த அரிசியைச் சுமந்துகொண்டு, சொந்தச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்ல வேண்டும். ஒருவர் ஐந்து நாள் என்பார், ஒருவர் பத்து என்பார். ஷின்தொக் எழுந்து, "பனி உருகற வரைக்கும்" என்றாள்.

"வீட்டைப் பாத்துக்க வேண்டாமாம்மா?" என்றார் மூப்பர் சொங்.

"வீட்டுல எலிங்கதான் இருக்கு ஐயா. நான் இல்லாட்டியும் அதுங்க சாப்பிட்டுக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஏன் குளிர்காலம் முழுவதையும் கொடுக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்கு ஒரே பெண். பஞ்ச வருஷத்தில், ஆறு வயதில், கணவாய்க்கு அப்பால் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெண்ணை அங்கேயே வளர்த்து, பருவம் வந்ததும் அந்த வீட்டுப் பையனுக்கே கட்டிவைப்பார்கள். அப்படிக் கொடுப்பது யாரும் செய்யாத காரியம் இல்லை. ஒரு வயிறு குறையும், பெண்ணும் எங்கோ சாப்பிடும். முடிவு செய்தது புருஷன். கணவாய் அடிவாரம்வரை முதுகில் சுமந்துபோய் அந்த வீட்டார் கையில் ஒப்படைத்தவள் இவள். இரண்டு வருஷத்தில் புருஷன் இறந்ததும் பெண்ணைப் பார்க்கப் போனாள். கூரை உள்ளே விழுந்து கிடந்தது. வயலில் முள் மண்டியிருந்தது. காட்டை எரித்துப் பயிர் செய்கிறவர்கள் அவர்கள். மூன்று நாலு வருஷத்தில் மண் சோர்ந்துபோனால் வேறு சரிவுக்குப் போய்விடுவார்கள். அம்மை வந்தது என்று யாரோ சொன்னார்கள். யாரைக் கொண்டுபோனது என்று சொல்ல அங்கே ஆளில்லை.

அதற்கப்புறம்தான் அவள் விசுவாசத்துக்கு வந்தாள். விடியற்கால ஜெபத்தில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் சத்தமாக ஜெபிக்கும்போது, அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "எங்க இருக்கான்னு உமக்குத் தெரியும். எனக்கு ஒரு தரம் காட்டும்." உயிரோடு இருக்கிறாளா என்று அவள் கேட்டதில்லை. பக்கத்தில் உட்காரும் கொசான்காரிக்கு அது மனப்பாடம். ஒருநாள் தன் பல்வலிக்கு ஜெபிக்க ஆரம்பித்தவள், வாய் பழகிப்போய் அதையே சொல்லி முடித்துவிட்டாளாம்.

கொசான்காரி சொல்லித்தான் இனி வருவதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் சாராயக் கடை வைத்திருந்தவள். கனத்த உடம்பு, கனத்த குரல். இரண்டையும் பிற்காலத்தில் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டாள். நாக்கு மட்டும் பழையபடியே இருந்தது.

ஷின்தொக் ஒவ்வொரு வருஷமும் மலைப்பக்கமே கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். மூப்பருக்கு அது உறுத்தியது. ஒருமுறை முகத்துக்கு நேராகவே கேட்டார்: "ஆத்துமாவைத் தேடிப் போறீங்களா, மகளைத் தேடிப் போறீங்களா?"

"நாள் கர்த்தரோடது ஐயா. கண்ணு என்னோடதுதானே?"

அந்த வருஷம் மூப்பர் சீட்டுப் போட்டார். யாருக்கு எந்த வழி விழுகிறதோ அந்த வழி. ஷின்தொக்குக்கும் கொசான்காரிக்கும் கடற்கரை விழுந்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஷின்தொக் வெகுநேரம் நின்றாள். கடற்கரையில் காடு கிடையாது. காட்டை எரிக்கிறவர்களும் கிடையாது.

"மறுபடியும் எடுக்கட்டுமான்னு கேளுங்க அக்கா" என்றாள் கொசான்காரி.

"பிடிக்கலைன்னா மறுபடியும் எடுக்கறதுக்குப் பேரு சீட்டா?"

போனார்கள். கடலோர ஊர்களில் வாடைக் காற்றில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. மாற்கு சுவிசேஷம் ஒரு பிரதிக்கு நாலு கருவாடு என்று கொசான்காரி விலை வைத்தாள். கேட்டவர்கள் கேட்டார்கள், நாயை அவிழ்த்துவிட்டவர்கள் அவிழ்த்துவிட்டார்கள். ஓர் ஊரில் கடல் ஒரு மீனவனைத் திருப்பிக் கொடுத்திருந்தது. பிணத்தோடு உட்கார அவன் மனைவிக்குத் துணைக்கு ஆளில்லை. இருவரும் உட்கார்ந்தார்கள். ஷின்தொக் பிணத்தின் தலைமயிரிலிருந்து மணலைத் துடைத்தாள். அந்த வீட்டில் அவர்கள் சுவிசேஷம் எதுவும் சொல்லவில்லை. அடக்கம் முடியும்வரை கஞ்சி காய்ச்சினார்கள்.

அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போகிற வழியில் ஷின்தொக் முதல்முறையாக வாய்விட்டுக் குறைப்பட்டாள். "அவருக்குத் தெரியுமில்ல நான் என்ன கேட்டேன்னு? கடலைக் காட்டறாரு."

கொசான்காரி நடையை நிறுத்தினாள். எதிரே வந்துகொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓர் ஆள் வந்துகொண்டிருந்தான். முதுகில் சுமை கட்டுகிற மரச்சட்டம். அதில் ஆளைவிட உயரமாக, கறுப்பாக, விறைப்பாக ஏதோ நின்றது. காற்று அதைப் பிடித்து அவனை ஒரு கதவைத் திருப்புவதுபோலத் திருப்பியது. அவன் வயல் பக்கம் நாலடி போவான், பல்லைக் கடித்துக்கொண்டு சாலைக்கு வருவான், மறுபடி கடல் பக்கம் நாலடி போவான். கிட்டே வந்ததும் தெரிந்தது. கடல்பாசி. காய்ந்த பாசி, நீளம் குறையாமல், அப்படியே.

"என்ன தம்பி, பாய்மரம் கட்டிக்கிட்டு எந்தக் கடலுக்குப் போறே? கடலு பின்னால இருக்கு" என்றாள் கொசான்காரி.

அவன் நின்றான். இருபத்தைந்து வயதிருக்கும். உதடு வெடித்திருந்தது.

"மடிச்சுக் கட்டறதுதானே?"

"மடிக்கக் கூடாது."

"யாருக்கு?"

"வீட்டுல."

இரண்டு பெண்களும் பாசியைத் திரும்பப் பார்த்தார்கள். பிள்ளை பெறப்போகிறவளுக்கு வாங்குகிற பாசியை மடிக்கக் கூடாது, ஒடிக்கக் கூடாது, பேரம் பேசக் கூடாது. மடித்தால் பிள்ளை வயிற்றில் சிக்கிக்கொள்ளும் என்பார்கள். இருவரும் பிரசவத்துக்குப் பிறகு அந்தப் பாசிச் சூப்பைக் குடித்து எழுந்தவர்கள்தான்.

"நாம இதையெல்லாம் நம்பறதில்ல" என்றாள் ஷின்தொக். சொல்லிக்கொண்டே தலையிலிருந்த மூட்டையை இறக்கி முதுகில் கட்டினாள். "தம்பி, அதை இறக்கு. படுக்கவெச்சுத் தூக்கிட்டுப் போனா காத்து ஒண்ணும் பண்ணாது. நீ முன்னால பிடி. நான் பின்னால பிடிக்கறேன். அந்தத் திருப்பம் வரைக்கும் வர்றோம்."

பிணத்தைத் தூக்குகிற மாதிரி இருந்தது என்று கொசான்காரி பிற்பாடு சொல்வாள். அப்போது சொல்லவில்லை. நடுவில் அவள் தாங்கிக்கொண்டாள்.

திருப்பம் வந்தது. காற்று அப்படியேதான் இருந்தது. அடுத்த திருப்பம்வரை போனார்கள். பேச்சு கொடுத்தால் அவன் ஒரு வார்த்தையில் பதில் சொன்னான். பெயர் மன்சொக். வீடு மலை மேலே. பிள்ளை எந்த நேரமும் பிறக்கலாம். தலைப்பிரசவம்.

"பாசி பொண்ணோட அம்மாவில்ல கொண்டு வரணும்?" என்றாள் ஷின்தொக். "நீ எதுக்கு அலையறே?"

"அவளுக்கு யாரும் இல்ல."

"எந்த ஊருப் பொண்ணு?"

"எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி வடக்க எங்கயோ இருந்தா. எங்கம்மாவுக்குத்தான் தெரியும்."

ஷின்தொக் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். பழக்கத்தில் வாய் கேட்டது.

சாலை பிரிகிற இடத்தில் ஒரு வழிப்போக்கர் விடுதி. அன்று அங்கே தங்கினார்கள். பாசியைச் சுவரோரம் நீளமாகப் படுக்கவைத்தான் மன்சொக். விடிந்ததும் பெண்கள் கடற்கரைப் பக்கம் கிளம்ப வேண்டும். அவன் மலைப்பக்கம். மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவன் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கணவாயில காத்து இன்னும் மோசமா இருக்கும்."

அவன் கேட்டது அவ்வளவுதான். உதவி கேட்டுப் பழக்கமில்லாதவன்.

"மூப்பர் கேட்டா என்ன சொல்றது?" என்றாள் கொசான்காரி.

"பாசி கூப்பிட்டுச்சு, போனோம்னு சொல்லு."

கணவாயில் அவன் சொன்னது உண்மை என்று தெரிந்தது. மூன்று பேரும் பாசியின் மேல் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு ஏறினார்கள். ஒரு முறை கொசான்காரி சறுக்கி விழுந்தாள். விழும்போதும் கையை உயரத் தூக்கிக்கொண்டே விழுந்தாள், பாசி தரையில் படாமல். "பைபிளைக்கூட நான் இப்படித் தூக்கினதில்ல அக்கா" என்று பனியில் உட்கார்ந்தபடி சொன்னாள். மன்சொக் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான்.

மதியத்துக்குமேல் ஊர் தெரிந்தது. ஊர் என்று சொல்ல முடியாது. எரிந்த அடிமரங்கள் நிற்கிற சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்தாறு வீடுகள். மன்சொக் தன் வீட்டு வாசலுக்கு முன் சட்டென்று நின்றான். பின்னால் பிடித்துக்கொண்டு வந்த ஷின்தொக் பாசியோடு அவன்மேல் மோதிக்கொண்டாள்.

வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. பிள்ளை பிறந்த வீட்டில் கட்டுகிற, இடப்பக்கமாக முறுக்கிய கயிறு. வைக்கோல் கிடைக்காத மேடு அது. சணலில் முறுக்கியிருந்தார்கள். கயிற்றில் கரித்துண்டும் பைன் கொத்தும் மாறி மாறிச் செருகியிருந்தது. ஆண்பிள்ளைக்குச் செருகுகிற மிளகாய் இல்லை.

"பொண்ணு" என்றான். குரலில் ஏமாற்றம் இருந்ததா என்று கொசான்காரியால் சொல்ல முடியவில்லை. "பொறந்திருச்சு."

அவன் தாய் ஓடிவந்தாள். சின்ன உருவம், கையில் கரண்டி. "வராதே! கயிறு கண்ணுக்குத் தெரியல? யாருடி நீங்க? மூணு வாரத்துக்கு வெளியாள் யாரும் இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது." பிறகு மகனைப் பார்த்து, "பாசி வாங்கிட்டு வாடான்னா ரெண்டு பொம்பளைங்களையும் சேத்தா வாங்கிட்டு வருவே?"

"இவங்க இல்லேன்னா பாசி இல்லம்மா."

கிழவி பாசியைப் பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்தே தலைமுதல் கால்வரை கண்ணால் தடவினாள். ஒரு மடிப்பு இல்லை. அவள் முகம் இளகியது. வீட்டைப் பார்த்துத் திரும்பிக் கத்தினாள்:

"சேதொக்காரி! ஏ சேதொக்காரி! பாசி வந்துருச்சு! ஒரு ஒடிசல் இல்லாம வந்திருக்கு! இனிமே பால் ஊறும் பாரு!"

கொசான்காரி ஷின்தொக்கின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா. மாவட்டத்துக்கு நாலு சேதொ இருக்கு. அக்கா, கேட்டியா? நாலு இருக்கு."

ஷின்தொக் அவளைப் பார்க்கவில்லை. "உங்க மருமக எந்த சேதொ?" என்றாள் கிழவியிடம்.

"சேதொன்னா சேதொதான். ஆறு வயசுல வந்தவளுக்கு என்ன தெரியும்? என் தங்கச்சி வீட்டுக்கு மருமகளா வந்தா. பையன் அம்மையில போனான். பின்னாலயே தங்கச்சியும் போனா. இது ஒண்ணு மட்டும் அடுப்படியில உக்காந்திருந்துச்சு. நான்தான் கூட்டிட்டு வந்தேன். எதுக்குக் கேக்கறே?"

ஷின்தொக் பாசியின் முனையை இறுக்கிப் பிடித்தாள்.

"அவகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அவளக் கொண்டாந்து விட்ட அன்னைக்கு, கையில என்ன வெச்சிருந்தான்னு."

"புள்ள பெத்து நாலு நாளாகல, விடுகதை போடச் சொல்றே."

"கேளுங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, கிழவி போய்விட்டாள். மன்சொக் பாசியின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றான். மறு முனை ஷின்தொக்கின் கையில். பனி பெய்யவில்லை, காற்றும் இல்லை. ஒரு கோழி கூரையோரம் எதையோ கிளறிக்கொண்டிருந்தது. உலகத்தில் அந்தச் சத்தம் ஒன்றுதான் இருந்தது என்றாள் கொசான்காரி.

கிழவி வெளியே வந்தாள். இப்போது மெதுவாக நடந்தாள்.

"உருளைக்கிழங்காம். சுட்டதாம். ரெண்டு கையிலயும் ஒண்ணு ஒண்ணு." நின்றாள். "கணவாய் தாண்டற வரைக்கும் தின்னக் கூடாதுன்னு அவ அம்மா சொன்னாளாம். கைக்குச் சூட்டுக்காகக் கொடுத்ததாம்."

ஷின்தொக் உட்காரவில்லை, அழவில்லை. பாசியின் முனையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை யாராவது பிரித்துத்தான் எடுக்க வேண்டும்போல இருந்தது.

கொசான்காரி என்னிடம் சொன்னாள்: "ஜெபம் கேக்கப்படும்னு ஊர் ஊரா சொல்லிட்டுத் திரிஞ்சவ நான். ஆனா கேக்கப்பட்ட எடத்துல நான் நின்னதே இல்ல. அன்னைக்குத்தான் நின்னேன். சந்தோஷமா இருந்துச்சுன்னா நெனைக்கறே? பயமா இருந்துச்சு. யாரோ ரொம்பப் பெரியவங்க எனக்குப் பின்னாடி வந்து நிக்கற மாதிரி. திரும்பிப் பாக்கத் தைரியம் இல்ல. சீட்டு வேற மாதிரி விழுந்திருந்தா? செத்த வீட்டுல நாங்க தங்காம இருந்திருந்தா, ஒரு நாளு முன்னாடியே அந்தச் சாலையத் தாண்டியிருப்போமே? அந்தப் பையன் பாசிய ஒரே ஒரு மடிப்பு மடிச்சிருந்தா, 'வர்றேன் தம்பி'ன்னு போயிருப்போமே?"

கிழவி கயிற்றைப் பிடித்துத் தூக்கினாள். "பெத்தவ வரலாம். பாசியோட வந்திருக்கே, நீ வராம யாரு வர்றது? குனிஞ்சு வா." ஷின்தொக் குனிந்தாள். அப்போது கிழவி வழக்கப்படி கேட்டாள்: "வழியில சாவு வீடு எதையும் மிதிக்கலையே?"

"இல்லவே இல்ல" என்றாள் கொசான்காரி.

ஷின்தொக் நிமிர்ந்தாள். கதவு பத்தடியில் இருந்தது. காகிதக் கதவு. அதற்குப் பின்னால் குழந்தை ஒருமுறை சிணுங்கி அடங்கியது.

"மிதிச்சோம்" என்றாள். "நாலு நாளைக்கு முன்னாடி. கடல்ல போன ஆளு. நான் தலையத் துடைச்சேன்."

கிழவி கயிற்றை விட்டாள். அது பழையபடி இருவருக்கும் நடுவில் தொங்கி ஆடியது.

கோபம் வந்தது கிழவிக்கு. பாசியைப் பார்த்தாள், இவள் கையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். மருமகளுக்குப் பால் ஊறவில்லை. இன்னொரு பாசிக்கு இன்னொருமுறை கணவாய் இறங்க வேண்டும். கொஞ்சநேரம் வாய்க்குள்ளேயே எதையோ வாதாடினாள். பிறகு முடிவுக்கு வந்தாள்.

"பாசி உப்புல பொறந்து உப்புல வளந்தது. உப்புக்குத் தீட்டு ஒட்டாது. அது உள்ள வரலாம். நீ வரக் கூடாது. கயிறு எறங்கற வரைக்கும்."

பாசி கயிற்றுக்கு மேலாக உள்ளே போனது.

கீழ் வீட்டில் ஒரு வயதான தம்பதி தங்க இடம் கொடுத்தார்கள். அடியில் அடுப்புச் சூடு ஓடுகிற தரையில் உட்கார்ந்ததும் கொசான்காரி ஆரம்பித்தாள்.

"பைத்தியமா நீ? நமக்கு ஏது தீட்டு? தீட்டு இல்லாத ஒண்ண இருக்குன்னு சொன்னாத்தான் அது பொய். நான் சொன்னதுதான் நெஜம்!"

"சாவு வீட்டுக்குப் போனது நெஜமா இல்லையா?"

"பத்தடி! பத்தடியில இருந்தா! இத்தனை வருஷம் எங்காதுல ஓதினியே, ஒரு தரம் காட்டும், ஒரு தரம் காட்டும்னு. காட்டினாரு. நீ கண்ண மூடிக்கிட்டே."

ஷின்தொக் கால்பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பனி உருகித் தரையில் சொட்டியது.

"அடிவாரத்துல அவள விடும்போது, நாளைக்கு வர்றேன்னு சொன்னேன்" என்றாள். "அதைக் கேட்டுட்டுத்தான் அழுகைய நிறுத்தினா. இப்பவும் ஒரு பொய்ய முன்னால விட்டு அது பின்னால நான் போகணுமா?"

கொசான்காரி அவள் கையிலிருந்த கால்பட்டையை வாங்கிச் சூடான தரையில் காயப்போட்டாள்.

மறுநாள் காலை ஷின்தொக் வேலிக்கு வெளியே, பின்பக்கச் சன்னலுக்கு நேராகப் போய் நின்றாள். சன்னலும் காகிதம் ஒட்டியது. உள்ளே நிழல்கூடத் தெரியவில்லை. "நான் வந்திருக்கேன்" என்றாள். பதில் இல்லை. "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். ஒருநாள் பனிப்புயல். அன்றும் போனாள். பாசிச் சூப் கொதிக்கிற வாசனை வந்தது. குழந்தை வயிறு நிறைந்து ஏப்பம் விடுவதுகூடக் கேட்டது. தாயின் குரல் மட்டும் கேட்கவில்லை. கிழவிதான் முற்றத்திலிருந்து, "பேசுடி, மரமாட்டம் நிக்கறா பாரு. வேலிக்கு ஒரு கம்பு மிச்சம்" என்பாள்.

ஊர்க்காரர்கள் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். தீட்டென்று கயிற்றுக்கு வெளியே நிற்கிற தாய். எந்தக் கடவுள் இவளை இங்கே கொண்டுவந்தார் என்று கேட்டார்கள். சுவிசேஷத்தைச் சந்தைச் சரக்குபோல இவர்களாக விரித்துவைக்காமல், மற்றவர்களே கேட்டு இவர்கள் சொன்னது அங்கேதான். ஷின்தொக் எழுத்துக்கூட்டி மாற்கு வாசிப்பாள். கொசான்காரி பாசிக் கதையைச் சொல்வாள். வீட்டுக்கு வீடு கதையில் காற்று பலமாகிக்கொண்டே போனது. கடைசி வீட்டில் மன்சொக் பறந்தே விட்டான். அங்கே இன்று மூன்று வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு கேட்கிறது. அந்த வசந்தத்தில் மூப்பர் சொங் விசாரிக்க வந்தபோதும் கேட்டது.

"சீட்டு உங்களுக்குக் கடற்கரையைத்தானே கொடுத்துச்சு?" என்றார் அவர்.

"கடற்கரையிலதான் ஐயா கிடைச்சுது" என்றாள் ஷின்தொக்.

மூப்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எங்கள் சபையில் சீட்டுப் போடும்போது யாரும் முணுமுணுப்பதில்லை. சீட்டை எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்குகிறது, அவ்வளவுதான்.

அது பிற்பாடு. அப்போது கயிறு இன்னும் இறங்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி ஷின்தொக் திரும்பும்போது சன்னலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பெரியவளின் குரல். இவளுக்குத் தெரியாத குரல்.

"அன்னைக்கும் அப்படித்தான் சொன்னீங்க."

"சொன்னேன்."

"மறுநாள் வாசல்ல உக்காந்திருந்தேன். அதுக்கு மறுநாளும். நாளைக்குன்னா என்னைக்குன்னு எனக்கு அப்பத் தெரியாது. அவங்க சிரிச்சாங்க."

ஷின்தொக் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். கொடுத்தது புருஷன் என்று சொல்லியிருக்கலாம். பஞ்சம் என்று சொல்லியிருக்கலாம். கொசான்காரி சற்றுத் தள்ளி நின்று, சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவள் எதுவும் சொல்லவில்லை.

உள்ளே குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்கு வருவீங்களா?"

"வருவேன்."

வந்தாள். கயிறு இறங்குகிற நாள்வரை ஒருநாள் தவறவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. குழந்தைக்கு வலது காது மடிந்திருக்கிறது, சரியாகுமா? சரியாகும், தூங்கும்போது மெல்ல நீவிவிடு. இரவெல்லாம் அழுகிறது. உள்ளங்காலைத் தேய். ஏன் கொடுத்தீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி சன்னலுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தது.

மூன்று வாரம் முடிந்த காலை. ஷின்தொக் பனியை உருக்கித் தலை குளித்தாள். கொசான்காரி தன் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தாள். கை முழுவதும் உள்ளே மறைந்துபோனது.

கிழவி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மரக்கிளையில் மாட்டினாள். வா என்று சொல்லவில்லை. ஒதுங்கி நின்றாள். ஷின்தொக் வாசலில் கால் எடுத்து வைக்குமுன் காகிதக் கதவு திறந்தது.

வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வீங்கின முகம், துணியில் சுற்றின குழந்தை. முற்றத்தைக் கடந்து நேராக வந்து ஷின்தொக்கின் முன்னால் நின்றாள். ஷின்தொக்கின் தலை அவள் தோள்வரைதான் வந்தது. அவள் இவளை மேலிருந்து கீழாக, மறுபடி கீழிருந்து மேலாகப் பார்த்தாள். தேடுகிறவள்போலப் பார்த்தாள். மன்சொக், கிழவி, கொசான்காரி, வேலிக்கு அப்பால் கூடியிருந்த ஊர் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது.

"நீங்க ரொம்ப உயரம்னு நெனச்சிருந்தேன்" என்றாள்.

"அப்ப நான் உயரமாத்தான் இருந்தேன்" என்றாள் ஷின்தொக்.